மேற்கு ஓரத்து முள்

1984 ஆகஸ்ட் 7, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். ஐந்தே காலுக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. நான்கு குடம் பிடித்தேன். சவரம். ஏழரைக்குப் புதுச்சேரி உப்பளம் பகுதியிலுள்ள வீட்டிலிருந்து சைக்கிளில் கிளம்பி ஏழு ஐம்பதுக்கு அலுவலகம் சேர்ந்தேன். மாடித் தாழ்வாரத்து வெப்பமானியைப் பார்த்துக் குறித்தேன். பேனா முனைகளைக் கழுவித் துணிமேல் வரிசையாக வைத்தேன். பன்னிரண்டு வரை வரைபடம். பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை, பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கப்படி, சாப்பாட்டு இடைவேளை. வீட்டுக்குப் போய் வந்தேன். நான்கு மணி வரை மறுபடியும் வரைபடம்.

நாட்குறிப்பில் அதுவரை மற்ற நாள்களைப் போலத்தான் இருக்கிறது. நான்கு மணிக்குப் பிறகு ஒரே வரி: "அம்மையார் வந்து படத்தைப் பார்த்தார்."

அந்த அம்மையாரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவர் பெயரை நாட்குறிப்பில் ஒருநாளும் நான் எழுதியதில்லை. அலுவலகத்தில் எல்லோரும் அக்கா என்பார்கள். நானும் நேரில் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் பெயர் வேண்டாம். 1985இல் வேலையை விட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். எந்த ஊர் என்று சொன்னார், முகவரி கொடுக்கவில்லை.

எங்கள் அலுவலகம் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. தாவரங்களைச் சேகரித்து, உலர்த்தி, வகை பிரித்து வைப்பதும், எந்த இடத்தில் என்ன வளர்கிறது என்று படம் போடுவதும் அங்கே வேலை. நான் படம் வரைபவன். அவர் உலர்ந்த செடிகளைக் கெட்டித் தாளில் தைப்பவர். காம்பைச் சுற்றி நூலை விட்டு, தாளின் பின்பக்கம் முடிச்சுப் போட்டு, முடிச்சின்மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டிவிடுவார். முடிச்சு வெளியே தெரிந்தால் அடுத்த தாளிலுள்ள இலையைக் கீறிவிடும் என்பார். அதற்கு முன் பதினொரு வருஷம் பஞ்சாலையில் இருந்தவர். நெய்து வரும் துணியை மேசைமேல் ஓடவிட்டு இரண்டு பக்க ஓரமும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது அங்கே அவர் வேலை. ஆலையில் ஆள் குறைத்த சமயத்தில், ஊசி பிடிக்கத் தெரிந்த கை ஒன்று வேண்டும் என்று எங்கள் தலைவர் தேடிக்கொண்டிருந்தார். அப்படி வந்து சேர்ந்தார்.

அவரிடம் யாரும் முதல் நாளிலேயே கவனிக்கும் பழக்கம் ஒன்று உண்டு. திறந்திருக்கும் எதையும் மூடாமல் அவரால் தாண்டிப்போக முடியாது. ஜன்னல், அலமாரி, மைப்புட்டி, அடுத்தவர் சட்டைப்பையில் திறந்தபடி இருக்கும் பேனா. சாப்பிடும்போது ஒரு வாய் எடுத்துவிட்டுத் தூக்குவாளியை மூடுவார். மென்று முடித்தபின் திறந்து அடுத்த வாய் எடுப்பார். ஈ வரும் என்று காரணம் சொல்வார். மார்கழியில் ஏது ஈ என்று கேட்டால், "மூடித்தானே இருக்குது, அதான் வரல" என்பார்.

ஜீப் ஓட்டுநர் அவருக்குத் தாழ்ப்பாள் அக்கா என்று பெயர் வைத்தார். ஒருநாள் அவர் காதிலேயே விழும்படி கூப்பிட்டுவிட்டார். "உன் வீட்டுக் கதவுல தாழ்ப்பா இருக்குதா இல்லியா? இருக்குதுன்னா சும்மா வண்டியத் தொடை" என்று சொல்லிவிட்டு அம்மையார் ஊசியில் நூல் கோத்தார்.

தன்னைப் பற்றிய பேச்சையும் அப்படித்தான் மூடுவார். கணவரைப் பற்றி யாராவது கேட்டால், "அது முடிஞ்சுபோச்சு" என்று மூன்று சொல்கூட இல்லாமல் முடித்துவிடுவார். முகத்தில் வருத்தமும் தெரியாது, கோபமும் தெரியாது. அடுத்த கேள்வி கேட்க யாருக்கும் வாய் வராது. எனக்கு அவரிடம் ஆரம்பத்தில் சிறிது பயம் இருந்ததற்கு அதுவும் காரணம்.

எங்கள் தலைவரை எல்லோரும் பிரெஞ்சு வழக்கில் முசியே, அதாவது ஐயா, என்போம். புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். பேச்சைத் தமிழிலும் கோபத்தைப் பிரெஞ்சிலும் வைத்துக்கொள்வார். 1973இல் வெளிநாட்டிலிருந்து அவருடைய விருந்தாளி ஒருவர் வந்திருந்தார். உலர்செடி அறையில் இரண்டு அலமாரிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தவரைக் கவனிக்காமல், பன்னிரண்டு மணிக்கு அம்மையார் கதவை வெளியே தாழிட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். இரண்டு மணிக்குத் திறந்தபோது அந்த மனிதர் அந்துருண்டை வாசனையில் கண் சிவந்து நின்றார். முசியே பிரெஞ்சில் ஆரம்பித்துத் தமிழுக்கு வர ஐந்து நிமிடம் ஆயிற்று.

அம்மையார் பதற்றமில்லாமல் சொன்னார்: "உள்ள யாருன்னு மூணு வாட்டி கூப்பிட்டேன் முசியே. தமிழ்ல கூப்பிட்டேன், அதான் தப்பு. கதவைத் தொறந்து போட்டுட்டுப் போயிருந்தா பூச்சி வந்திருக்கும். அதுக்கு எந்த பாஷையும் தேவையில்ல."

மறுநாளும் பன்னிரண்டுக்குத் தாழிட்டார். ஆனால் முன்னதாகக் குனிந்து அலமாரிகளின் அடியில் யாருடைய கால்களாவது தெரிகின்றனவா என்று பார்த்தார். அதன்பின் தினமும் பார்த்தார்.

1975 பிப்ரவரியில் எனக்கு ஒரு கோயில் காட்டைப் படம் போடும் வேலை வந்தது. கோரிமேட்டுக்கு அப்பால், பேருந்தில் நாற்பது நிமிடம். கோரிமேட்டில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எக்ஸ்ரே உறைகளோடு இறங்கிவிடுவார்கள். வண்டி பாதி காலியாகும். அப்போது அம்மையார் எழுந்து, காலியான இருக்கைகளின் ஜன்னல் மறைப்புகளை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டு, நடு இருக்கையில் வந்து உட்காருவார். நடத்துநர், "இன்னாம்மா, வண்டி உங்க வீடா?" என்று கேட்டார். "செம்மண்ணு உங்க ஊருது. நான் எதுக்குத் திங்கணும்?" என்றார்.

செடிகளை இனம் காண உதவிக்கு என்று முசியே அவரை என்னோடு அனுப்பியிருந்தார். படித்தவர்களுக்கு லத்தீன் பெயர் தெரியும். பூவும் காயும் இல்லாத வெறும் இலையைப் பார்த்துச் சொல்ல அவரால்தான் முடியும். ஆயிரக்கணக்கான இலைகளைத் தாளில் தைத்த விரல்கள்.

காடு என்றால் ஏழு ஏக்கர்தான். சுற்றிலும் மல்லாட்டை என்னும் வேர்க்கடலைக் கொல்லையும் முந்திரித் தோப்பும் சவுக்கும். ஒரு காலத்தில் அந்தப் பக்கம் முழுவதும் ஒரே காடாக இருந்ததாம். வெட்டி வெட்டி, அம்மனுக்கு உரியது என்று யாரும் கை வைக்காத துண்டு மட்டும் மிஞ்சியது. நடுவில் ஒரு சின்னச் சன்னதி. ஊர் கிழக்கே இருந்தது; ஊரிலிருந்து வளைந்து வளைந்து ஓர் ஒற்றையடிப் பாதை சன்னதிக்கு முன்பக்கமாகப் போகும். அது ஒன்றுதான் வழி. செருப்பை வெளியே விட வேண்டும். விழுந்த குச்சியைக்கூட எடுக்கக் கூடாது. பூசாரிக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். முசியே கொடுத்த கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, ஊர்ப் பெரியவர்களிடம் தானே பேசி எங்களுக்கு அனுமதி வாங்கித் தந்தார்.

வெளி ஓரத்தில் சூரையும் கிளாவும் ஆதண்டையும் சங்கமுள்ளும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடந்தன. ஆடு தலையை நுழைக்க முடியாது. பத்தடி உள்ளே போனால் முள் குறைந்து, காசானும் வீரையும் குருந்துமாக நிழல் மரங்கள் தொடங்கும். தரையில் சருகு, சருகுக்கு அடியில் அந்த மாசி வெயிலிலும் ஈரம். நண்பகலில் வெளியே வைத்த வெப்பமானிக்கும் உள்ளே வைத்ததற்கும் ஆறு டிகிரி வித்தியாசம் என்று குறித்திருக்கிறேன். வீரைக் கன்றுகள் விரல் உயரத்தில் அந்த நிழலில் எங்கு பார்த்தாலும் நின்றன. வெயிலில் ஒரு வாரம் தாங்காத கன்றுகள் அவை. வெளி ஓரத்தில் ஒன்றுகூட இல்லை. உள்ளே இருப்பது வேறு, ஓரத்தில் இருப்பது வேறு. ஓரம் வெயிலையும் காற்றையும் வாங்கிக்கொள்வதால்தான் உள்ளே இருப்பது இருக்கிறது. இதைப் படத்தில் காட்டுவதுதான் என் வேலை.

அம்மையார் தன் சேலை ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக் காட்டினார். "துணியில நடுவுல ஒரு இழை போனா ஒண்ணும் ஆவாது சார். ஓரத்துல ஒண்ணு அறுந்துச்சுன்னா, தொவைக்கத் தொவைக்க உள்ள வந்துக்கினே இருக்கும். ஆலையில நாங்க ஓரத்தைத்தான் பார்ப்போம்."

வெளி ஓரத்திலிருந்து நடு வரை ஒரு நேர்கோடு போட்டு, ஒவ்வோர் அடியிலும் என்ன செடி என்று எழுத வேண்டும் என்பது என் திட்டம். அதற்குத் திசைமானி வழியாக ஒரு முனையிலிருந்து மறுமுனை தெரிய வேண்டும். மறுமுனையாகச் சன்னதியை எடுத்துக்கொண்டேன். காட்டுக்குள் நகராத ஒரே புள்ளி அதுதான். தொடக்கமாக மேற்கு ஓரத்தை எடுத்துக்கொண்டேன். பேருந்து நிற்கும் சாலை அங்கேதான் இருந்தது. இரண்டுமே ஒழுங்கான காரணங்கள்.

அம்மையார் வெட்ட வேண்டாம் என்றார். கயிறு நுழையும், தான் குனிந்து ஊர்ந்து ஒவ்வொரு மரமாகக் கட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். கயிறு வளையும், நூற்று நாற்பது மீட்டரில் கோடு கோணலாகிவிடும் என்றேன். "கோணலா இருந்தா இன்னா சார்? காடு நேராவா இருக்குது?" என்றார். நான் இரண்டு ஆள்களை வைத்து வெட்டினேன். இரண்டு கை விரித்த அகலம். நான்கு நாள். பெரிய மரம் எதையும் தொடவில்லை. முள்ளும் புதரும் கொடியும்தான். முதல் நாள் மாலை சாலையில் நின்று பார்த்தபோது என் கோடு நூல் பிடித்தது போல இருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது, அதையும் எழுதியிருக்கிறேன்.

வெட்டிய முள்ளை அம்மையார் எறிய விடவில்லை. ஒவ்வொரு நாள் மாலையும் அந்த மேற்கு வாயை அவரே அடைப்பார். அடிக்கட்டை உள்ளே, நுனி வெளியே, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, ஒரு கொடியால் இழுத்துக் கட்டுவார். கை முழுக்கக் கீறல். காலையில் வந்ததும் அதை அவிழ்க்கக் கால் மணி நேரம் ஆகும். நாட்குறிப்பில் முதல் நாள் தவிர மற்ற மூன்று நாளும் இந்த வரி இருக்கிறது: "முள் எடுக்க 15 நிமிடம் வீண்."

கடைசி நாள் கோட்டின் வாயைப் புகைப்படம் எடுக்க நின்றோம். மேகம் மூடி வெளிச்சம் குறைந்துவிட்டது. நாலு பத்துக்குப் பேருந்து. அவர் முள்ளை இழுத்துக்கொண்டு வந்தார். காலையில் வந்து படத்தை மறுபடி எடுக்க வேண்டும், அப்போது திரும்ப அவிழ்க்க வேண்டாம், விட்டுவிடுங்கள் என்றேன். அவர் முள்ளைக் கையில் வைத்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். தூரத்தில் பேருந்தின் சத்தம் கேட்டது. "ஒரு ராத்திரிதானே" என்றேன். முள்ளைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் முசியே என்னை வேறொரு மாவட்டத்துக்கு அனுப்பிவிட்டார். மூன்று வாரம். திரும்பி வந்தபின் அந்த வேலைக்கான படங்கள். அம்மையார் என் மேசைக்கு வந்து எப்போது போகிறோம் என்று கேட்டார். அடுத்த வாரம் என்றேன். மார்ச் 18, ஏப்ரல் 2, ஏப்ரல் 11 ஆகிய மூன்று தேதிகளிலும் "அம்மையார் மறுபடி கேட்டார்" என்று எழுதி வைத்திருக்கிறேன். கேட்டதை எழுதி வைத்தது மட்டும்தான் நான் செய்தது.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தனியாகப் போயிருக்கிறார். அன்று ஊரில் காப்புக் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டினால் திருவிழா நாள் வரும் வரை வெளியூர் ஆள் எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது. காட்டில் ஒரு முள்ளை நகர்த்தக் கூடாது. எல்லையில் சாலைக்குக் குறுக்கே வேப்பிலை கட்டியிருந்தது. அதற்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். ஐம்பதடி தூரத்தில் அந்த வாய் திறந்து கிடந்தது.

திருவிழா நாளில் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் பேருந்தில் வந்து மேற்குச் சாலையில் இறங்கினார்கள். மற்ற வருஷங்களில் காட்டைச் சுற்றிக் கிழக்கே போய் ஒற்றையடிப் பாதையில் நுழைவார்கள். அந்த வருஷம், இறங்கிய இடத்திலிருந்தே நேராக, அகலமாக, அம்மன் வரை ஒரு வழி தெரிந்தது. கவர்மெண்ட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். பொங்கல் பானைகளோடு எல்லோரும் அதில் நடந்தார்கள். ஏற்கெனவே வெட்டிய இடம்தானே என்று, உள்ளே அடுப்புக்காக இரண்டு பக்கமும் கொஞ்சம் வெட்டிக்கொண்டார்கள்.

அடுத்த திங்கட்கிழமை அம்மையார் என் மேசைக்கு வந்தார். அவர் என்னை எப்போதும் சார் என்றுதான் சொல்வார். அன்று ஒருமுறை மட்டும் மாற்றிச் சொன்னார்.

"தம்பி, நீங்க கோடு போட்டீங்க. அவங்க அதைத் தெருன்னு நெனச்சுட்டாங்க."

அவ்வளவுதான் சொன்னார். பின்பு என் மேசையில் திறந்திருந்த மைப்புட்டியை மூடிவிட்டுப் போனார்.

கோட்டைப் பற்றி அவர் பின்னர் என்னிடம் பேசவே இல்லை. ஒன்பது வருஷம். நானும் பேசவில்லை. அந்தக் காட்டின் முதல் படம் அச்சாகி அலமாரிக்குப் போனது. அவர் பல ஆயிரம் தாள் தைத்தார். நான் பல படம் போட்டேன். ஒருமுறை அவருடைய கைகளில் புதுக் கீறல்களைப் பார்த்து என்ன என்று கேட்டேன். "வேலி அடைச்சேன்" என்றார். அவர் குடியிருந்தது ஆலைக்குப் பக்கத்தில் வரிசை வீடு. அங்கே வேலி எது என்று எனக்கு அன்று தோன்றவில்லை.

1984 ஜூலையில் அதே காட்டை மறுபடி அளந்து, என்ன மாறியிருக்கிறது என்று பார்க்கச் சொன்னார் முசியே. பழைய குறிப்பேட்டோடு அதே கோட்டில் நடந்தோம். இம்முறை எதையும் வெட்ட வேண்டியிருக்கவில்லை.

கோட்டில் மண் சிமெண்டுத் தரை போல இறுகியிருந்தது. இரண்டு பக்கமும் பதினைந்தடிக்கு ஒரு வீரைக் கன்றுகூட இல்லை. முன்பு அவை நின்ற இடத்தில் வெயிலில் வளரும் உண்ணிச்செடியும், வெளி ஓரத்தில் மட்டும் இருந்த சூரையும் இருந்தன. சித்திரையிலும் வைகாசியிலும் அடிக்கிற மேல்காற்று ஒவ்வொரு வருஷமும் அந்த வாய் வழியாகச் சன்னதி வரை உலை போல அடித்திருக்கிறது. சருகுக்கு அடியில் கை வைத்தேன், தூசி. நடுவில் இருந்த பெரிய வீரை உச்சி காய்ந்து நின்றது. அதனடியில் வெப்பமானியை வைத்தேன். வெளியே வைத்ததற்கும் அதற்கும் ஒன்றரை டிகிரிதான் வித்தியாசம். காட்டின் வெளி எல்லை ஓர் அடிகூடக் குறையவில்லை. ஏழு ஏக்கர் ஏழு ஏக்கராகவே இருந்தது. ஓரம்தான் நடுவுக்கு வந்துவிட்டிருந்தது.

பூசாரி வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னோடு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை, அம்மையாரிடம் பேசினார். மூன்று வருஷமாகப் பூசை அவரிடம் இல்லையாம். காடு காய்வதற்கு அவர்தான் காரணம், வெளியாளிடம் காசு வாங்கி மரத்தை விற்றுவிட்டார் என்று ஊர் கூடிச் சொல்லி, சித்தப்பா மகனிடம் சாவியைக் கொடுத்துவிட்டார்கள். இப்போது ஜனங்கள் அம்மனின் முதுகுப் பக்கமாக வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள் என்றார். கடைசியாக என் பக்கம் திரும்பி, அம்மையாரைக் காட்டிச் சொன்னார்:

"இவங்க மட்டும் வருஷா வருஷம் மழைக்கு முன்னால வந்து முள்ளு அடைச்சுட்டுப் போவாங்க. திருவிழாவுக்கு வர்றவனுங்க எடுத்து எறிஞ்சுடுவானுங்க. ஒம்போது வருஷமா இதேதான். உங்க ஆபீசுலதான் அனுப்புறாங்கன்னு நெனச்சேன்."

அம்மையார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டின் வாயில் அவர் முள் போட்ட இடத்தில், காய்ந்த முள்ளின் அடியில், கிளாக் கன்றுகள் ஏழெட்டு முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தன. திருவிழாக் கூட்டம் மிதித்ததில் தப்பியவை. குனிந்து எண்ணிக் குறிப்பேட்டில் எழுதினேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அறிக்கையை முசியே எழுதினார். காடு மெலிந்ததற்குக் காரணம் என்ற இடத்தில் ஊராரின் நடமாட்டம், ஆடு மேய்ச்சல், விறகு வெட்டு என்று மூன்று இருந்தன. அறிக்கையின் ஒரு படி தாலுகா அலுவலகத்துக்கும் ஒரு படி ஊருக்கும் போகும். அது போனால் பூசாரியைப் பற்றி ஊர் சொன்னது முத்திரையோடு உறுதியாகிவிடும். அது எனக்குத் தெரிந்தது. முசியேயிடம் போய் நான் ஒன்றும் சொல்லவில்லை. படத்தை மட்டும் பார்த்துக்கொள்வது என்று இருந்தேன்.

அப்படித்தான் ஆகஸ்ட் 7 வந்தது. மறுநாள் பத்து மணிக்குப் படம் அச்சகத்துக்குப் போக வேண்டும். எங்கள் முறையில், அச்சில் எவை பச்சையாக வர வேண்டுமோ அவற்றைத் தனியாக ஒரு மெல்லிய தாளில் கறுப்பு மையால் நிரப்புவோம். நான்கு மணிக்கு அந்தத் தாளை முடித்துவிட்டேன். ஏழு ஏக்கரும் ஒரே கறுப்பாக, ஓரம் பிசகாமல், அழகாக இருந்தது.

அம்மையார் தைத்த தாள் கட்டை வைத்துவிட்டுப் போக வந்தார். படத்தருகே நின்றார். அவருக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரியாது. படம் படிக்கத் தெரியும். சாலை எது, சன்னதி எது என்று விரலால் தொடாமல் காட்டிக் கேட்டார். சொன்னேன்.

"நம்ம கோடு எங்க சார்?"

இந்த அளவில் வரைந்தால் அது தெரியாது, அவ்வளவு சின்னது என்றேன்.

"எவ்ளோ இருக்கும்?"

"அரை மில்லிமீட்டர்."

அவர் சேலை மடிப்பில் குத்தி வைத்திருந்த தையல் ஊசியை எடுத்தார். மை காய்ந்துவிட்டதா என்று ஓரத்தைப் பார்த்தார். பின்பு ஊசியை மேற்கு ஓரத்திலிருந்து சன்னதிப் புள்ளியை நோக்கிப் படுக்க வைத்தார்.

"இது அரை மில்லிமீட்டர் இருக்குமா?"

"இருக்கும்."

"தெரியுதே சார்."

என்னிடம் இருந்த மிக மெல்லிய பேனா முனை கால் மில்லிமீட்டர். காலையில் நானே கழுவித் துணிமேல் வைத்தது. அது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

"உங்க படத்துல காடு ஒரு ஓட்டையும் இல்லாம இருக்குது. நான் ஒம்போது வருஷமா அடைச்சு அடையாதது, நீங்க ஒரே நாள்ல அடைச்சுட்டீங்க" என்றார். குரலில் கேலி இல்லை. "இத்தக் கொண்டுபோயி அந்தப் பூசாரி அண்ணன் ஊர்ல இன்னான்னு காட்டுவாரு? எல்லாத்தையும் மூடணும்னு நான்தான் சொல்வேன். இத்த மட்டும் மூடாதீங்க சார்."

படத்தின்மேல் கிடந்த ஊசியை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. வெளியே போனார். என் அறைக் கதவு அவருக்குப் பின்னால் திறந்தே கிடந்தது. பன்னிரண்டு வருஷத்தில் அவர் மூடாமல் போன கதவு எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். நான் எழுந்து மூடவில்லை.

ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனேன். வழக்கம்போல எட்டு மணிக்குச் சாப்பாடு. வழக்கம்போல நாட்குறிப்பு. அந்த ஒரு வரிக்குமேல் எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 8, புதன்கிழமை. ஆறரைக்கே அலுவலகம் போய்விட்டேன். காவலாளி கதவைத் திறந்துவிட்டார். வெப்பமானியைப் பார்க்கவில்லை. ஊசி வைத்த இடத்திலேயே இருந்தது. அதன் பக்கத்தில் அளவுகோலை வைத்து, ஊசியை எடுத்து என் சட்டைக் காலரில் குத்திக்கொண்டேன். பாதியாக உடைத்த சவர பிளேடை எடுத்து, மேற்கு ஓரத்திலிருந்து சன்னதி வரை, காய்ந்த மையைச் சுரண்டினேன்; அச்சில் அந்த இடம் பச்சை இல்லாமல் வெள்ளையாக வரும். பின்பு மெல்லிய முனையை மையில் தொட்டு, படத்தின் ஓரத்தில் குறி விளக்கம் எழுதும் இடத்தில், இருக்கிறவற்றுக்குக் கீழே தமிழில் ஒன்று சேர்த்தேன்: "1975இல் இவ்வலுவலகம் வெட்டித் திறந்துவிட்ட கோடு." அதனருகே என் பெயரை முழுதாக எழுதினேன்.